மழை ஊரில் மண் நிரப்பி இறுக்குவது எப்படி: அடிமண் முதல் கான்கிரீட் வரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் நின்ற இடமெல்லாம் தாமானாக, அதாவது வீடமைப்புப் பகுதியாக, மாறிக்கொண்டிருக்கிறது. புது வீடோ, கோயில் மண்டபமோ, சமையலறை நீட்டிப்போ, முதலில் வந்து நிற்பது மண் லோரிதான். இரண்டு வருஷம் கழித்துத் தரை ஓடு விரிசல் விட்டு, சுவருக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி வந்த பிறகுதான் அந்த மண்ணைப் பற்றிப் பேச்சு எழுகிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, ரோலர் எத்தனை டன், எத்தனை தடவை ஓட்டணும்?" கேட்க வேண்டியதுதான், ஆனால் அது பிற்பாடு. மண்ணுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். ரோலர் மண்ணிலிருந்து காற்றைத்தான் வெளியேற்றும். களி கலந்த நம் செம்மண்ணில் தண்ணீர் கசிந்து வெளியேற மாதக்கணக்கில் ஆகும். ரோலர் நாலு சுற்று அதிகம் ஓடியதற்காக அது போய்விடாது. கீழே உள்ள படிகளின் வரிசை முழுக்க இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

ஏறக்குறைய 1 மீட்டர் வரை மண் உயர்த்தித் தரைத்தளம் போடும் சிறிய, நடுத்தர வேலைகளுக்கு இது பொருந்தும். அதைவிட உயரம், பக்கத்தில் மலைச்சரிவு, அடியில் சேறு என்றால் பொறியாளரின் வரைபடம் இல்லாமல் ஒரு லோரியைக்கூட உள்ளே விடாதீர்கள்.

1. மண் வருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அனுமதி. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஏ பிரிவின்படி மண் வேலைக்கு ஊராட்சி மன்றத்திடம் வரைபடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். சுங்கை சிப்புட் என்றால் கோலகங்சார் நகராண்மைக் கழகம். ஆட்கள் எல்லாரிடமும் சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) தரும் கிரீன் கார்டு இருக்க வேண்டும். நிலத்தடியில் மின்கம்பி, தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று விசாரித்துத் தரையில் சாயம் அடித்து வையுங்கள்.

அடுத்தது ஆய்வுக்கூட அறிக்கை. இறக்கப்போகும் மண்ணில் ஒரு மூட்டை எடுத்துக் கொடுத்தால், மண்ணைச் சுத்தியலால் அடித்து இறுக்கிப் பார்க்கும் புரோக்டர் சோதனை செய்து இரண்டு எண்கள் தருவார்கள்: அதிகபட்ச உலர் அடர்த்தி, அந்த அடர்த்தி கிடைப்பதற்கான உகந்த ஈரப்பதம். இந்த இரண்டும் இல்லாமல் "95 விழுக்காடு இறுக்கியாச்சு" என்று யாராவது சொன்னால், எதில் 95 என்று கேளுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 1377 முறையில் 2.5 கிலோ சுத்தியலாலும் சோதிக்கலாம், 4.5 கிலோ சுத்தியலாலும் சோதிக்கலாம். கனமான சுத்தியலில் அடர்த்தி கூடுதலாகவும், உகந்த ஈரம் குறைவாகவும் வரும். வரைபடத்தில் 4.5 கிலோ என்று எழுதியிருக்க, 2.5 கிலோ அறிக்கையை வைத்து வேலை ஓடினால் காகிதத்தில் எல்லாம் தேறிவிடும், தரை மட்டும் தேறாது. அறிக்கை வந்ததும் முதல் பக்கத்திலேயே இதைப் பாருங்கள்.

2. தண்ணீருக்கு வழி விட்ட பிறகே மண்

மனையைச் சுற்றித் தற்காலிக லோங்காங் (வடிகால்) வெட்டுவது முதல் வேலை. நிறையப் பேர் இதைக் கடைசியில் செய்கிறார்கள், மண் கொட்டி உயர்ந்துவிட்டால் தண்ணீர் தானாக ஓடிவிடும் என்ற நினைப்பில். மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் தண்ணீர் நிரப்பிய மண்ணின் அடிவழியாக ஊறி உள்ளே நிற்கும். மேலே எவ்வளவு இறுக்கினாலும் அடி இளகும்.

மேட்டுப் பக்கம் முதலில் வெட்டுங்கள். தண்ணீர் வெளியேறும் மூலையில் ஒரு சேற்றுக் குழி தோண்டி, மண் அங்கே படிந்த பிறகு தெளிந்த நீர் பொது லோங்காங்குக்குப் போகட்டும். செம்மண் சாறு தாமான் லோங்காங்கில் ஓடினால் முதல் புகார் பக்கத்து வீட்டிலிருந்து வரும்.

3. மேல்மண், வேர், பழைய குழி

பழைய தோட்ட நிலத்தில் இந்தப் படிதான் நேரத்தைத் தின்னும். அவசரப்படக் கூடாத படியும் இதுவே.

கறுத்த மேல்மண்ணை 150 முதல் 300 மி.மீ. வரை, கரிய நிறமும் மெல்லிய வேரும் மறையும் வரை சுரண்டி எடுங்கள். அதில் இருப்பது மக்கும் பொருள். அது மக்கி முடிந்ததும் இருந்த இடம் காலியாகும், தளம் அந்தக் காலி இடத்துக்குள் இறங்கும். எடுத்த மேல்மண்ணை ஓரமாகக் குவித்து வைத்தால் பிறகு தோட்டத்துக்கு ஆகும்.

ரப்பர் மரத்தின் ஆணிவேர் ஆழமாக இறங்கும். மரத்தைத் தரையோடு வெட்டிவிட்டு மேலே மண் கொட்டுவது இந்த ஊரில் சகஜம். எக்ஸ்காவேட்டர் வைத்து அடிக்கட்டையோடு பிடுங்கச் சொல்லுங்கள். பிடுங்கிய குழியின் ஓரத்தைக் கவனித்தால் அறுந்த வேரின் உள்ளே மண் சுரங்கம் தெரியும், தட்டினால் வெள்ளைக் கறையான் கொட்டும். அந்த வேரைத்தான் நாம் வீட்டுக்கு அடியில் புதைக்கப் பார்த்தோம். எண்ணெய்ப் பனையிலும் இதே கதை. அதன் அடித்தண்டு பஞ்சு போன்ற நாராகி, உள்ளே பொந்து விடும்.

பழைய லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த இடமென்றால் கழிவறைக் குழி, கிணறு, குப்பைக் குழி இருக்கக்கூடும். அந்தத் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்தால் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, எது எங்கே இருந்தது என்று கேளுங்கள். எந்த நில ஆய்வு அறிக்கையும் சொல்லாததை அவர் கை நீட்டிக் காட்டுவார். கிந்தா பக்கத்தில் ஈய லம்பம் (ஈயச் சுரங்கம்) இருந்த நிலமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஒரு மூலையில் வெறும் மணலும், பத்தடி தள்ளிக் குழகுழவென்ற சேறுமாக இருக்கும்.

குழிகளை நிரப்பும்போது எக்ஸ்காவேட்டர் வாளியால் தள்ளி மூடிவிட்டு, மேலே சக்கரம் ஏற்றுவது போதாது. அதையும் அடுக்கடுக்காகத்தான் நிரப்ப வேண்டும். தளம் இறங்கிய வீடுகளில் ஒரே ஒரு இடம் மட்டும் தட்டு மாதிரி குழிந்திருந்தால், பெரும்பாலும் அடியில் ஒரு பழைய மரக் குழி இருக்கும்.

4. அடித்தரை தாங்குமா என்று பாருங்கள்

சுத்தம் செய்த தரையில் மண் ஏற்றிய லோரியை மெதுவாக ஓட்டச் சொல்லி, பக்கத்தில் நடந்து வாருங்கள். சக்கரத்துக்குக் கீழே தரை அமுங்கி, சக்கரம் நகர்ந்ததும் எழும்பினால் அங்கே ஈரம் மிஞ்சிய களிமண் இருக்கிறது. ஆழமான தடம் விழுந்து அப்படியே நின்றால் மண் இளக்கமாக இருக்கிறது. இரண்டு இடத்தையும் சுண்ணாம்பால் வட்டமிடுங்கள்.

சந்தேகமான இடத்தில் ஜேகேஆர் புரோப் (சுத்தியலால் அடித்து மண்ணில் இறக்கும் கம்பி) போட்டுப் பார்ப்பது மலிவான வழி. 5 கிலோ சுத்தியல் 280 மி.மீ. உயரத்திலிருந்து விழும், கம்பி ஒவ்வொரு 300 மி.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணுவார்கள். நல்ல தரையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஏறிய எண் திடீரென்று இறங்கினால் அடியில் ஏதோ புதைந்திருக்கிறது.

இளகிய இடம் ஆழம் குறைவு என்றால் தோண்டி எடுத்துவிட்டு மாற்று மண் போடுங்கள். சற்று ஆழமென்றால் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து 300 மி.மீ. கிரஷர் ரன் (பொடியோடு சேர்ந்த உடைத்த கல்) போட்டு ஒரு மேடை அமைக்கலாம். துணி எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் கல் சேற்றுக்குள்ளும் சேறு கல்லுக்குள்ளும் போய்க் கலந்துவிடும்.

தெலுக் இந்தான், கோல சிலாங்கூர் மாதிரி கடற்களிமண் பகுதியில் இந்த வழி எடுபடாது. அங்கே மண் ஏற்றுவதே அடியிலுள்ள களியை அமுக்கும் சுமை. வீடு பைலிங்கில் (ஆழமாக இறக்கிய அடித்தூண்களில்) அசையாமல் நிற்க, மண்ணில் நிற்கும் கார் போர்ச் மட்டும் வருஷா வருஷம் இறங்குவதை அங்கே எந்தத் தாமானிலும் பார்க்கலாம். அதற்கு ரோலர் மருந்தாகாது, பொறியாளர்தான் வழி சொல்ல வேண்டும்.

5. எந்த மண், எத்தனை லோரி

சரளை கலந்த செம்மண் நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கிறது, நிரப்புவதற்கு நல்லதும்கூட. லோரி கொட்டியதும் கிளறிப் பாருங்கள். வேர், மரத்துண்டு, பிளாஸ்டிக், உடைந்த கான்கிரீட், சாம்பல் நிறக் களிக்கட்டி இருந்தால் திருப்பி அனுப்புங்கள். அடுக்கின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெரிய கல் இருக்கக் கூடாது, கல்லைச் சுற்றி இறுகாத மண் தங்கிவிடும்.

கணக்கில் தடுமாறுகிறவர்கள் நிறைய. 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் உயரம் என்றால் இறுகிய மண் 86 கன மீட்டருக்குச் சற்று மேல். லோரியில் வருவது தளர்ந்த மண். இறுக்கும்போது அளவு குறையும், எனவே 1.3 ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 112 கன மீட்டர் வரும். லோரிக்கு 10 கன மீட்டர் என்றால் 11 அல்லது 12 நடை. இறுகிய அளவை மட்டும் பார்த்து 9 நடை பேசிய குத்தகையாளர், பிறகு பாக்கி மண்ணை வேறு எங்கிருந்தாவது அள்ளிக்கொண்டு வருவார். அந்த மண்ணுக்கு ஆய்வுக்கூட அறிக்கை கிடையாது. மண் எடுக்கும் இடம் மாறினால் புரோக்டர் சோதனையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

6. ஈரத்தைச் சரிசெய்வது

வேலை தேறுவதும் கெடுவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கைத்தொலைபேசியில் அரபு நாட்டுக் கட்டுமான வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ரோலருக்கு முன்னால் தண்ணீர் லோரியை ஓடவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அங்கே மணல் காய்ந்து கிடக்கிறது, துகள்கள் நகர்ந்து உட்கார ஈரம் தேவை. நம் ஊரில் வெட்டி எடுக்கும் செம்மண், வெட்டும்போதே உகந்த அளவைவிட ஈரமாக இருப்பதுதான் வழக்கம். அதன் மேல் இன்னும் தண்ணீர் ஊற்றினால் மண் துகள்களுக்கிடையே தண்ணீரே நிறைந்து, ரோலர் சுமையைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். மண் நெருங்காது.

கைப்பிடிச் சோதனை. மேற்பரப்பைத் தள்ளிவிட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரித்ததும் உருண்டை உருண்டையாகவே நின்று, விரல் பதிந்த தடம் தெளிவாகத் தெரிய வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் சில துண்டுகளாக உடைய வேண்டும். விரித்ததுமே பொலபொலவென உதிர்ந்தால் வறட்சி. உள்ளங்கை செந்நிறமாகிப் பளபளத்தால், அல்லது கீழே விழுந்து தட்டையாக அப்பிக்கொண்டால் ஈரம் அதிகம்.

இன்னொரு வழியும் உண்டு. உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித் திரி ஆக்குங்கள். 3 மி.மீ. கனத்துக்கு வந்தும் வெடிக்காமல் நீண்டுகொண்டே போனால் அந்த மண்ணை இன்றைக்கு இறுக்க முயலாதீர்கள்.

கை சொல்வது முதல் வடிகட்டல்தான். எண் வேண்டுமென்றால் மண்ணை எடை போட்டு, ஆய்வுக்கூட அடுப்பில் 105 பாகை வெப்பத்தில் உலர்த்தி மறுபடி எடை போட வேண்டும். உகந்த ஈரப்பதத்துக்கு மேலோ கீழோ 2 விழுக்காட்டுக்குள் இருந்தால் வேலை செய்யலாம். வரைபடத்தில் வேறு எல்லை இருந்தால் அதுதான் கணக்கு.

ஈரம் மிஞ்சினால் உலர்த்துங்கள். 150 முதல் 200 மி.மீ. கனத்தில் பரப்பி, காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் கிளறிவிட வேண்டும். இதற்குத் தோட்டத்து டிராக்டரும் அதன் வட்டுக் கலப்பையும் அருமையாக உதவும், பக்கத்தில் யாரிடமாவது இருந்தால் வாடகைக்குப் பேசுங்கள். குவியலாக வைத்து வெயில் காட்டினால் மேலே ஓடு கட்டும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்.

அவசர வேலைக்குச் சுட்ட சுண்ணாம்பு கலக்கலாம். தண்ணீரை உறிஞ்சி மண்ணை உலர்த்தும். ஆனால் ஈரத்தோடு சேர்ந்ததும் கொதிக்கும், கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். அளவை ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டும். கண்ணாடி, கையுறை, முகமூடி இல்லாமல் மூட்டையைப் பிரிக்கவே விடாதீர்கள்.

வறட்சி நம் ஊரில் அபூர்வம், ஆனால் வரும். அப்போது தண்ணீரைத் தூவி, கிளறி, ஈரம் சமமாகப் பரவ நேரம் கொடுங்கள். தூவிய கையோடு ரோலர் ஏறினால் மேல் அரை அங்குலம் ரோலரில் ஒட்டிக்கொள்ளும், அடியில் புழுதி.

7. அடுக்கு, இயந்திரம், சுற்று

மண் வகைக்கு ஏற்ற இயந்திரம் வேண்டும். மணலும் கிரஷர் ரன்னும் அதிர்வில் உட்காரும், அதற்குத் தட்டு வடிவ கம்பெக்டரும் வழுவழு உருளை அதிரும் ரோலரும் சரி. களி கலந்த செம்மண் குத்திப் பிசைந்தால்தான் நெருங்கும். குறுகிய இடத்தில் குதிக்கும் ரேமரும், பரந்த இடத்தில் முட்டு முட்டாகப் பாதம் வைத்த ரோலரும் அதற்கு வேண்டும். செம்மண் மேல் தட்டு கம்பெக்டரை நாள் முழுக்க ஓட்டுவது டீசலுக்குக் கேடு. மேலே பளபளவென்று ஆகும், ஒரு சாண் கீழே கத்தி இறங்கும்.

கொட்டும்போது தளர்ந்த கனம் ரேமருக்கும் கம்பெக்டருக்கும் 100 முதல் 150 மி.மீ., ஒரு டன் சிறு ரோலருக்கு 150 மி.மீ., எட்டுப் பத்து டன் பாத ரோலருக்கு 250 மி.மீ. வரை. இயந்திரத்தின் அடி கீழே இறங்க இறங்கக் குறையும், அதனால்தான் இந்த எல்லை. மூன்றடி மண்ணை மொத்தமாகக் கொட்டி மேலே ரோலர் ஓட்டினால் இறுகுவது மேல் அடுக்கு மட்டும். அடியில் உள்ளது மழைக்காலங்களில் தானாக இறங்கிக்கொள்ளும்.

வேலையாள் கண்ணளவில் போடும் 150 எப்போதும் 250 ஆகிவிடும். தூண் கட்டையிலும் சுவரிலும் 150 மி.மீ.க்கு ஒரு கோடாகச் சிவப்புச் சாயம் அடித்து வையுங்கள். மண் கோட்டுக்கு வந்ததும் நிறுத்தி இறுக்க வேண்டும். இதற்கு ஒரு டப்பா ஸ்பிரே போதும். இதைவிட மலிவான கண்காணிப்பு எனக்குத் தெரியாது.

எத்தனை சுற்று என்பதை முதல் நாள் சோதனைப் பட்டையில் முடிவு செய்யுங்கள். ஒரே அடுக்கில் 4, 6, 8 சுற்று ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் அடர்த்தி எடுத்தால் எங்கே ஏறுவது நிற்கிறது என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் ஓட்டுவது வீண். பாத ரோலரில் இன்னோர் அடையாளம்: முதல் சுற்றில் பாதம் முழுசாகப் புதையும், மண் இறுக இறுக ரோலர் மேலே ஏறி, கடைசியில் பாதம் மேலோட்டமாக மட்டும் பதியும். எட்டுச் சுற்றுக்குப் பிறகும் புதைந்துகொண்டே இருந்தால் ஈரம் அதிகம்.

ரோலர் போகும்போது முன்னால் மண் புடைத்து, பின்னால் மெத்தை மாதிரி எழும்பினால் உடனே நிறுத்துங்கள். இன்னும் நாலு சுற்று ஓட்டினால் சரியாகும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். இன்னும் மோசமாகத்தான் போகும். அந்த இடத்தைக் கிளறி உலர்த்தி மறுபடி போடுங்கள், இல்லையென்றால் அள்ளி எறிந்துவிட்டு வேறு மண் போடுங்கள்.

ஒவ்வொரு தடமும் முந்திய தடத்தின் மேல் ஒரு சாண் ஏறட்டும். அடுத்த அடுக்கு போடுமுன், வழுவழுப்பாகிவிட்ட மேற்பரப்பை 50 மி.மீ. ஆழம் கீறிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு அடுக்குக்கும் நடுவே தண்ணீர் வழி பிடிக்கும். நிரப்பும் மேடையின் ஓரம் எப்போதும் இளக்கமாகவே இருக்கும். ஆகவே 300 மி.மீ. அகலம் கூடுதலாகப் போட்டு இறுக்கிய பின் செதுக்கி எடுங்கள். சரிவான தரையில் நிரப்புவதென்றால் முதலில் படிக்கட்டாக வெட்டிக்கொள்ளுங்கள், மண் வழுக்காமல் உட்காரும்.

8. சுவர், தூண், குழாய்

அடித்தளத்தைச் சுற்றி நிரப்பும்போது இரண்டு பக்கமும் சேர்ந்தே ஏற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒரு மீட்டர் ஏற்றி ரேமர் விட்டால் பீம் மறுபக்கம் தள்ளும்.

தடுப்புச் சுவருக்குப் பின்னால், கான்கிரீட் பலம் பிடித்துவிட்டது என்று பொறியாளர் சொன்ன பிறகே மண். சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குள் பெரிய ரோலர் வரக் கூடாது, ரேமரோ சிறு கம்பெக்டரோ மட்டும். சுவரை ஒட்டி 300 மி.மீ. அகலம் கல் நிரப்பி, மண் பக்கம் துணி வைத்து, தண்ணீர்த் துளைகளைத் திறந்து விடுங்கள். சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் பின்னால் தேங்கிய தண்ணீரின் அழுத்தம்.

குழாய்களைப் பொறுத்தவரை, மண்ணை முதலில் குழாய் மட்டத்துக்கு மேல் நிரப்பி இறுக்கிவிட்டு, பிறகு அதில் கால்வாய் வெட்டிப் பதிப்பது நல்லது. முதலில் குழாயைப் போட்டு அதன் மேல் லோரி ஓட்டினால், கழிவறையில் தண்ணீர் தேங்கும் நாளில்தான் உடைந்தது தெரியும். குழாய்க்கு அடியில் 100 மி.மீ. மணல், இரண்டு பக்க இடுக்கிலும் கையால் குத்தி நிரப்பிய மணல், குழாய்க்கு மேல் 300 மி.மீ. மூடிய பிறகே இயந்திரம்.

மணலைக் கொட்டிக் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு "உட்கார்ந்துவிடும்" என்பது நம் ஊர்க் குறுக்குவழி. தண்ணீர் வெளியேற வழி உள்ள சுத்தமான மணலில் அது ஓரளவு எடுபடும். களிமண்ணில் வெட்டிய கால்வாயிலோ தண்ணீர் அடியில் தேங்கி, சுற்றியுள்ள மண்ணையும் இளக்கிவிடும்.

1.5 மீட்டருக்கு மேல் ஆழமான கால்வாயில் பக்கத்துக்கு முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்காதீர்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும்.

9. மழை வரும் நாளில்

ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குக் கரையில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை கொட்டும். தைப்பிங் பக்கம் வேலை என்றால் மாதம் பார்க்கவே வேண்டாம். காலையில் கொட்டிய மண்ணை அன்றைக்கே இறுக்கி முடிக்க முடியுமா என்று பார்த்துத்தான் லோரி கூப்பிட வேண்டும். வானம் கறுத்த பிறகு கடைசி லோரியை இறக்கச் சொல்லும் பேராசைதான் மறுநாள் வேலையைக் கெடுக்கிறது.

இரண்டு, இரண்டரை மணிக்கு இறக்குவதை நிறுத்திவிட்டு, பரப்பிய மண்ணை இறுக்கி, வழுவழு உருளையால் ஒரு சுற்று ஓட்டி மேற்பரப்பை மூடுங்கள். ஒரு பக்கமாக 2 முதல் 4 விழுக்காடு சரிவு இருந்தால் மழைநீர் வழிந்து போய்விடும். குவித்து வைத்த மண்ணை வாளியால் தட்டிக் கூம்பாக்கிக் கென்வஸ் போர்த்துங்கள்.

மழைக்கு மறுநாள் லோரி ஏறுவதற்கு முன் மேலே இளகிய சேற்றைச் சுரண்டி எடுங்கள், அல்லது கிளறிக் காயவிடுங்கள். அதன் மேலேயே அடுத்த அடுக்கைக் கொட்டினால் நடுவில் ஒரு வழுக்குப் படலம் நிரந்தரமாகத் தங்கிவிடும். குழிகளில் தேங்கிய நீரை இறைத்துவிடுங்கள். கொசு முட்டையிட்டால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதம் வரும்.

10. சோதனை: ஒவ்வோர் அடுக்கிலும்

மண் முழுக்க ஏறிய பிறகு மேலே மட்டும் சோதித்தால், சோதனையில் தெரிவது கடைசி அடுக்கு மட்டும்.

மணல் மாற்றுச் சோதனை சிறிய வேலைக்குப் போதும். இறுக்கிய அடுக்கில் 100 மி.மீ. அகலம், 150 மி.மீ. ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, எடுத்த மண்ணை ஒரு துளி விடாமல் எடை போடுவார்கள். அடர்த்தி தெரிந்த மணலைக் குழியில் ஊற்றினால் குழியின் கொள்ளளவு தெரியும்.

ஒரு கணக்கு பார்ப்போம். குழி 1,200 கன செ.மீ., எடுத்த மண் 2,430 கிராம். ஈரத்தோடு அடர்த்தி 2.025. ஈரப்பதம் 16 விழுக்காடு என்றால் 1.16 ஆல் வகுக்க, உலர் அடர்த்தி 1.746. ஆய்வுக்கூடம் சொன்ன அதிகபட்சம் 1.85 என்றால் 94.4 விழுக்காடு. 90 கேட்ட இடத்தில் இது தேறும். தளத்துக்கு அடியில் 95 கேட்ட இடத்தில் தேறாது, அந்த அடுக்கைக் கிளறி மறுபடி இறுக்க வேண்டும். ஈரத்தோடு உள்ள 2.025 ஐ 1.85 ஆல் வகுத்து "109 விழுக்காடு" என்று சந்தோஷப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 100 க்கு மேல் அவ்வளவு தாண்டினால் கணக்கு தப்பு, அல்லது மண் மாறிவிட்டது.

குழி வெட்டும் இடத்தை நீங்கள் காட்டுங்கள்: மூலை, தூண் ஓரம், மூடிய மரக் குழி. நடு இடம் எப்போதும் தேறும், ரோலர் அங்கேதான் சுகமாக ஓடியிருக்கும். கதிரியக்க அடர்த்தி மானி விரைவானது, ஆனால் 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் உரிமம் உள்ளவர்கள்தான் அதைக் கையாள வேண்டும்.

தேதி, அடுக்கு எண், சோதித்த இடம், ஈரம், அடர்த்தி, ஒரு படம். இதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால் பிறகு வரும் வாய்ச்சண்டை பாதியாகக் குறையும்.

11. கான்கிரீட்டுக்கு முன்

கடைசி மட்டத்துக்கு வந்த பிறகு 100 முதல் 150 மி.மீ. கிரஷர் ரன் போட்டு அதையும் இறுக்குங்கள். கறையான் மருந்தைப் பாலித்தீன் விரிப்பதற்குச் சற்று முன் தெளிக்க வேண்டும். மருந்து அடித்த பிறகு யாராவது குழாய்க்காகத் தோண்டினால் அந்த இடத்துக்கு மறுபடி அடிக்க வேண்டும். அப்புறம் பாலித்தீன், பிஆர்சி கம்பி வலை, கான்கிரீட். பாலித்தீனை விரித்துவிட்டு வாரக்கணக்கில் மழையில் விடாதீர்கள், ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அடியில் குளம் கட்டும்.

12. பாலைவன சைட்டுக்குப் போகிறவர்களுக்கு

இங்கே வேலை பழகிவிட்டு வளைகுடாவுக்கு மேற்பார்வையாளராகப் போகும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் புரோக்டர் எண்கள்தான், அடுக்குதான். ஈரத்தின் திசை மட்டும் தலைகீழ்.

ஆய்வுக்கூடம் சொன்ன ஈரம், தூவிய நேரத்தில் இருந்தாலும் ரோலர் வரும்போது இருக்காது. வெயிலும் காற்றும் குடித்துவிடும். முந்திய மாலையே மண்ணில் தண்ணீர் கலந்து மூடி வைத்து, விடியலில் பரப்பி வெயில் ஏறுமுன் இறுக்குவது நல்ல முறை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. வேலை அட்டவணையை அதைச் சுற்றித்தான் போட வேண்டும்.

காற்றில் குவிந்த மணல் ஏறக்குறைய ஒரே அளவுத் துகள்களாக இருக்கும். தனியாக இறுக்கினால் மேற்பரப்பு ரோலருக்குப் பின்னாலேயே கலையும். நயமான துகளும் சரளையும் கலந்த மண்ணோடு சேர்த்தாலோ, மேலே அப்படியொரு அடுக்கு போட்டு மூடினாலோ நிற்கும். அங்கே பாத ரோலரைத் தேடாதீர்கள், வழுவழு உருளை அதிரும் ரோலர்தான் வேலை செய்யும்.

நம் ஊரில் யாரும் யோசிக்காத விஷயம் உப்பு. சப்கா எனும் கடலோர உப்பு நிலத்தில் உப்பு மண்ணைப் பிடித்து வைத்திருக்கும், காய்ந்திருக்கும் வரை கல் மாதிரி இருக்கும். குழாய் கசிந்து நல்ல தண்ணீர் இறங்கினால் உப்பு கரைந்து தரை உட்காரும். அதிலுள்ள குளோரைடு கம்பியையும், சல்ஃபேட் கான்கிரீட்டையும் அரிக்கும். அதனால் மண்ணில் தூவும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று டாங்கர் ஓட்டுநரிடம் கேளுங்கள். கிணற்று நீர் என்றால், அடித்தளத்துக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுக்கூட ஊற்றுமுன் அதன் உப்பு அளவைச் சோதித்த அறிக்கை உங்கள் கையில் இருக்க வேண்டும்.